சோதனை அறையில் ஒரு சிவப்பு சோபா

அன்று அந்த வீட்டு ஹாலில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

குணசேகரன் இருந்தார். சிவப்பு ரெக்சின் சோபாவில் இடது மூலை. அது அவருடைய இடம். அவருக்குக் கண் தெரியாது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மசாஜ் கடையில் வேலை.

அவர் மனைவி ராணி இருந்தார். டிவிக்கு ஒரு கை தூரத்தில், பிளாஸ்டிக் முக்காலியில். அவருக்குக் கண் கொஞ்சம் தெரியும். கிட்டே போனால் தெரியும்.

நாயகம் சார் இருந்தார். எங்கள் கம்ப்யூட்டர் கடை முதலாளி. சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மெங் இருந்தான். கடையில் என்னோடு வேலை செய்தவன். சீனப் பையன், தமிழ் நன்றாகப் பேசுவான். வாசல் பக்கம், அடுக்கிவைத்த பெட்டிகளுக்குக் காவல் மாதிரி நின்றான்.

நான் இருந்தேன். தரையில், கையில் ஸ்க்ரூடிரைவரோடு.

காத்தாடியை நிறுத்தியிருந்தோம். ஜன்னலைச் சாத்தியிருந்தோம். எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. ஒருவரும் பேசவில்லை. ஒரு கம்ப்யூட்டர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இதை எழுதச் சொன்னது தர்ஷினி. சாரின் மகள். இப்போது கடையை நடத்துவது அவர்தான். கடை பெரிதாகிவிட்டது, ஆட்களும் கூடிவிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்கிறார்களாம். கிராபிக்ஸ் கார்டு சோதனை செய்கிற அறையில் எதற்கு ஒரு சோபா? அதுவும் சிவப்பில், கிழிந்து ஒட்டுப் போட்டு?

“அங்கிள், நீங்களே எழுதிக் குடுத்துட்டுப் போங்க. நான் சொன்னா கதை விடுறேன்னு நினைக்கிறாங்க” என்றார்.

“எனக்கு எழுத வராதும்மா.”

“பேசவும்தான் வராது. அதுக்காக இத்தனை வருஷம் பேசாமலா இருந்தீங்க?”

“ஏறக்குறைய.”

அவர் சிரித்தார். எழுதுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெயர் மாரிமுத்து. பிறந்தது காப்பார் பக்கம், பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில். படித்தது ஆறாம் வகுப்பு. தெலுக் பங்லிமா காராங்கில் ரேடியோ தொழிற்சாலையில் லைனின் கடைசியில் நின்றேன். வருகிற ஒவ்வொரு ரேடியோவையும் காதருகே வைத்துக் குலுக்க வேண்டும். உள்ளே ஏதாவது உருண்டால் தனியே வைக்க வேண்டும். அதுதான் வேலை. தொழிற்சாலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து நாயகம் சார் கடையில் பெட்டி தூக்கினேன்.

ஒரு நாள் பழக்க தோஷத்தில் ஒரு கார்டைக் காதில் வைத்துக் குலுக்கினேன். சார் பார்த்துவிட்டார்.

“என்ன செய்யிறீர்?”

“ஸ்க்ரூ ஏதாச்சும் கழண்டிருக்கான்னு பாக்குறேன் சார்.”

“கழண்டிருக்கோ?”

“ஆமா சார்.”

மறுநாள் என்னைச் சோதனை மேசைக்கு மாற்றினார். சாரின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். சாரின் பேச்சில் அந்த ஊர் அப்படியே இருக்கும். எல்லாரையும் ‘நீர்’ என்பார். கோபம் வந்தாலும் அதே ‘நீர்’தான். கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

கிராபிக்ஸ் கார்டு என்றால் என்ன என்று புதியவர்களுக்குத் தெரியும். வேறு யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் படத்தை வரைந்து திரைக்கு அனுப்புவது அதுதான். சூடாகும். சூட்டை வெளியேற்ற அதற்கென்று காத்தாடி உண்டு. எங்களிடம் அதை வாங்க வருகிறவர்கள் இரண்டு சாதி. ஒன்று கேம் ஆடுகிறவர்கள். மற்றது வீட்டுப் பெரிய டிவியில் கம்ப்யூட்டரைச் செருகிப் படம் பார்க்கிறவர்கள். கேம் ஆடுகிறவர் காதை மூடிக்கொண்டு ஆடுகிறார். கார்டு லோரி மாதிரி இரைந்தாலும் அவருக்குக் கவலை இல்லை, வேகம் வேண்டும். படம் பார்க்கிறவர் வாயை மூடிக்கொண்டு பார்க்கிறார். அவருக்குக் கார்டு இருப்பதே தெரியக்கூடாது.

சோதனைக்கு சார் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் மின்சாரம் கொடுக்காமல் பார்ப்பது. காத்தாடியை ஒரு விரலால் சுற்றிவிட்டு அது எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மெல்ல நின்றால் நல்லது. சட்டென்று நின்றால் உள்ளே அழுக்கு. பிறகு முகர்ந்து பார்ப்பது. சிரிக்காதீர்கள். அப்புறம் கேசிங்கில், அதாவது கம்ப்யூட்டர் பெட்டிக்குள், மாட்டி மூடிவிட வேண்டும். திறந்து வைத்துச் சோதிக்கிற கடைகளை சாருக்குப் பிடிக்காது. “சட்டை இல்லாமல் நிண்டால் ஆருக்கும் வேர்க்காது” என்பார்.

மூடிய பிறகு கேமைப் போடுவோம். எப்போதும் அதே கேம், அதே இடம். மழை பெய்கிற தெரு, தரையெல்லாம் விளக்கு மின்னும். கார்டுக்கு அங்கேதான் மூச்சு வாங்கும். அரை மணி நேரம். அந்த நேரம் முழுக்க சார் கேசிங் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்திருப்பார், காய்ச்சல் பார்ப்பதுபோல. சூட்டைச் சொல்லும் எண் திரையிலேயே ஓடும். அதைப் பார்க்க மாட்டார் என்றில்லை, கையை வைத்த பிறகுதான் பார்ப்பார்.

படத்துக்கான கார்டு என்றால் இன்னும் இரண்டு உண்டு. இருட்டுக் காட்சி ஒன்று. கறுப்புக்குள் கறுப்பு தெரிகிறதா என்று. படம் முடிந்து பெயர்கள் மேலே ஏறும் இடம் ஒன்று. எழுத்து தண்ணீரில் போகிற மாதிரி ஏற வேண்டும். படிக்கட்டு ஏறுகிற மாதிரி தத்தினால் கார்டோ அதன் அமைப்போ சரியில்லை.

சார் வாயிலிருந்து நல்லது, கெட்டது என்ற சொல் வராது. தேறினால் “போகட்டும்” என்பார். தேறாவிட்டால் “இருக்கட்டும்” என்பார். இவ்வளவுதான். மெங் அவரைப்போலவே பேசிக் காட்டுவான். ஒரு முறை சார் மகளின் கல்யாணப் பேச்சு நடந்தபோது, மாப்பிள்ளை போட்டோவைப் பார்த்து சார் “இருக்கட்டும்” என்றார். கடையில் யாரும் அன்று மத்தியானம் வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தர்ஷினி அந்த மாப்பிள்ளையைத்தான் கட்டினார். இப்போது சாருக்கு மருமகன் என்றால் உயிர்.

முகர்ந்து பார்ப்பது பற்றிச் சொன்னேன். அது எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் ஒரு வாடிக்கையாளர், லோரி வைத்திருப்பவர். வீட்டுத் தியேட்டருக்கு எங்களிடம் கார்டு வாங்கினார். ஆறு மாதத்தில் காத்தாடி நின்றுவிட்டது. மாற்றிக் கொடுத்தோம். அதுவும் நின்றது. மனிதர் கடைக்கு வந்து சத்தம் போட்டார்.

“என்ன பாஸ், ஓட்ட சாமானா குடுக்குறீங்க? என் லோரி காத்தாடிகூட இத்தனை தடவை நிக்கல!”

நான் கார்டை எடுத்து மூக்கில் வைத்தேன். சாம்பிராணி. நல்லெண்ணெய்ப் புகை. கற்பூரம்.

“அண்ணே, கம்ப்யூட்டர் எங்க வச்சிருக்கீங்க?”

“டிவி அலமாரிக்குள்ள.”

“அலமாரி மேல?”

அவர் யோசித்தார். “சாமி மேடை.”

“தினமும் சாம்பிராணி போடுறீங்களா?”

“வீட்டுக்காரி காலையில, சாயங்காலம்.” பிறகு அவரே சொன்னார். “வெள்ளிக்கிழமை மூணு வாட்டி.”

புகை கீழே இறங்கி எண்ணெய்ப் பிசுக்கோடு காத்தாடியில் படிந்து தார் மாதிரி இறுகிவிட்டது. நம் வீடுகளில்தான் இது நடக்கும். டிவி ஹாலில்தான், சாமியும் ஹாலில்தான், கம்ப்யூட்டர் இரண்டுக்கும் நடுவில். சாமியை நகர்த்தச் சொல்ல முடியாது. கம்ப்யூட்டரை நகர்த்தினோம். அவர் போகும்போது, “முருகனுக்கும் எனக்கும் நடுவுல இவன் வேற” என்று கார்டைத் திட்டிக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு முகர்வதும் முறையில் சேர்ந்தது. பழைய கார்டு விற்க வருகிறவர்கள் “வீட்ல சும்மா யூஸ் பண்ணதுதான் தவுக்கே” என்பார்கள். தவுக்கே என்றால் முதலாளி. கம்ப்யூட்டரில் டிஜிட்டல் நாணயம் தோண்டுகிறேன் என்று இரவு பகலாக ஓட்டிய கார்டுக்கு ஒரு வாசம் உண்டு. இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்த துணி மாதிரி. ஒருவர் அதை மறைக்க சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுவந்துவிட்டார். மெங் முகர்ந்துவிட்டு, “பாஸ், இது எலுமிச்சையா, மல்லிகையா?” என்று கேட்டான். அவர் கார்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது குணா. முதலில் சொன்ன குணசேகரன்தான்.

குணா முதல் முறை கடைக்கு வந்தபோது வெள்ளைப் பிரம்போடு வந்தார். பிரிக்பீல்ட்ஸில் அது புதிதல்ல, கண் தெரியாதவர்கள் வேலை செய்யும் மசாஜ் கடைகள் அங்கே நிறைய. பெரிய டிவிக்குப் போட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், கார்டு நல்லதாக வேண்டும், படம் தெள்ளத் தெளிவாக வேண்டும் என்றார். மெங் என் பக்கம் சாய்ந்து, “கண்ணு தெரியாதவருக்கு எதுக்கு லா தெளிவா?” என்று மிக மெல்லச் சொன்னான்.

“கண்ணுதான் தெரியாது பாஸ். காது நல்லா கேக்குது” என்றார் குணா, கடையின் அந்தக் கோடியிலிருந்து.

மெங் முகம் சிவந்து போய்விட்டது. குணா சிரித்தார். அப்புறம் அவரே விளக்கினார்.

“எனக்குத் திங்கக்கிழமை லீவு. திங்கக்கிழமை ஒரு படம். எங்க வீட்ல பாக்குறது ராணி, கேக்குறது நான். வசனம் இல்லாத இடத்துல அவ சொல்லுவா. யாரு வரா, என்ன கட்டியிருக்கா, எப்படி முறைக்கிறான் எல்லாம். அதனால படம் அவளுக்கு நல்லா தெரியணும். அவளுக்குத் தெரிஞ்சாத்தான் எனக்குத் தெரியும்.”

கார்டு ஒன்று தேர்ந்தெடுத்துச் சோதித்தோம். கேமில் தேறியது, இருட்டில் தேறியது, எழுத்து ஏறுவதில் தேறியது. சார் “போகட்டும்” என்றார். மெங்தான் தூக்கிக்கொண்டு போய் மாட்டிவிட்டு வந்தான்.

ஒரு வாரத்தில் குணா வந்தார். “மாரியண்ணே, கார்டு கத்துது.”

கொண்டுவந்து மேசையில் வைத்தேன். கேட்டேன். ஒன்றும் இல்லை. திருப்பிக் கொடுத்தேன். மறு வாரம் மறுபடி வந்தார். “கீச்சுன்னு, ஊசி மாதிரி.” மறுபடி கேட்டேன். மெங் கைப்பேசியில் சத்தம் அளக்கிறதைப் போட்டுப் பார்த்தான். ஒன்றும் இல்லை. எங்களுக்குக் கார்டு சப்ளை செய்கிறவர்களிடம் அனுப்பினோம். குறை இல்லை என்று சீட்டு ஒட்டித் திரும்பி வந்தது.

சாரின் பழைய விதி ஒன்று உண்டு. மேசை சொல்லாத குறை, குறை இல்லை. அந்த விதி இல்லாமல் கடை நடத்த முடியாது. தெரிந்தேதான் சொல்கிறேன். கேமில் தோற்றவனெல்லாம் கார்டு சரியில்லை என்று வருவான்.

மூன்றாம் முறை குணாவோடு ராணியும் வந்தார். சிறிய உருவம். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும். சார் கல்லாவில் இருந்தார். ராணி அவரிடம் போகவில்லை, என்னிடம் வந்தார்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இவரு பொய் சொல்றவரு இல்ல. எனக்கும் கேக்கல அந்த சத்தம். ஆனா இவருக்குக் கேக்குது. நான் மெல்லமாத்தான் சொல்லுவேன், சத்தமா சொன்னா வசனம் காதுல விழாது. அந்தக் கீச்சு சரியா என் குரல் மேல வந்து உக்காருதாம். திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லுன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. அதுக்குள்ள படம் ஓடிருது.”

“சரிம்மா, இன்னொரு தடவை பாக்குறேன்.”

“டாக்டர் சொல்லிட்டாருண்ணே. இருக்கிற பார்வை ரொம்ப வருஷம் நிக்காதுன்னு. பாக்கணும்னு நினைக்கிறத எல்லாம் இப்பவே பாத்துக்கங்கன்னாரு.” அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், மின்சாரக் கட்டணம் கட்டணும் என்கிற மாதிரி. “எங்கெங்கயோ போய்ப் பாக்க ஆசை இல்ல. இவருக்குப் படம் சொல்லணும். அவ்வளவுதான்.”

கல்லாவிலிருந்து சாரின் குரல் வந்தது.

“வீடு எங்கை?”

“பின்னாடி ஃப்ளாட்டுதான் சார். நடந்து போற தூரம்” என்றார் குணா.

சார் கல்லாவைப் பூட்டினார். “மாரிமுத்து, சாமானை எடும்.”

அவர் அதுவரை ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்கும் போனதில்லை.

மெங்கும் கூட வந்தான். வீடு இரண்டாம் மாடி. ஹாலில் சுவரை அடைத்துக்கொண்டு டிவி. எதிரே சிவப்பு சோபா. வீடு முழுக்கத் தைல வாசம். கார்டை மாட்டினேன். நாங்கள் கடையில் போடுகிற காட்சிகளைப் போடப் போனேன். குணா வேண்டாம் என்றார். “எங்க படத்தைப் போடுங்கண்ணே. பாதியில நிக்குது.” போட்டேன். ஒலியை நிறுத்தினேன். திரையின் ஓரத்தில், கார்டு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று காட்டும் எண்ணை ஓடவிட்டேன்.

“உமக்குக் கேட்குதோ?” என்றார் சார் என்னிடம்.

“இல்ல சார்.”

“எனக்கும் இல்லை.”

“இப்ப கத்துது” என்றார் குணா. “இப்ப விட்டுருச்சு… இப்ப மறுபடி… இப்ப ரொம்ப.”

சார் நாற்காலியிலிருந்து எழுந்து திரை அருகே வந்தார். ஓரத்து எண்ணைக் காட்டினார். குணா ‘கத்துது’ என்னும்போதெல்லாம் எண் ஏறியது. ‘விட்டுருச்சு’ என்றபோது இறங்கியது. குணாவுக்கு அந்த எண் அங்கே இருப்பதே தெரியாது.

அப்போதும் சார் விடவில்லை. என்னைப் பார்த்துக் கையால் சைகை காட்டினார். நான் கம்ப்யூட்டரை நிறுத்தி, மூடியைத் திறந்து, ஸ்க்ரூவைக் கழற்றி, அதே கார்டை அசைத்துவிட்டு, அதே ஸ்க்ரூவை முடுக்கி, மூடி, மறுபடி படத்தைப் போட்டேன்.

“வேறை கார்டு போட்டிருக்கு. இப்ப எப்பிடி?” என்றார் சார்.

குணா கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

“சார், மாத்தவே இல்லையே.”

மெங் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டான். சார் தலையைக் குனிந்தார். “ஓம். மாத்தேல்லை” என்றார். அதுதான் முதல் முறை அவர் ஒரு வாடிக்கையாளரிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டது.

நான் காத்தாடியே இல்லாத ஒரு சிறிய கார்டு எடுத்துப் போயிருந்தேன். அதை மாட்டினேன். குணா முகம் மலர்ந்தது. “சத்தமே இல்லண்ணே! இதான், இதான்.”

ஆனால் படம் வெட்டியது. கேமரா அகலமாக நகரும்போதெல்லாம் தத்தித் தத்திப் போனது. அவ்வளவு பெரிய படத்தை அந்தச் சின்னக் கார்டால் இழுக்க முடியவில்லை. ராணி முக்காலியோடு இன்னும் முன்னே நகர்ந்தார். முகம் திரையில் இடிக்கிற மாதிரி. நகர்ந்து போகும் ஆளைப் பிடிக்கப் பார்க்கிறார், ஆள் தாவித் தாவிப் போகிறான். அவருடைய விரல் தானாகத் திரையில் அவனைத் தேடியது.

“உமக்கு எப்பிடி?” என்று சார் ராணியைக் கேட்டார்.

“நல்லாருக்கு சார். இதே இருக்கட்டும்.”

“பொய் சொல்லாத” என்றார் குணா. “உன் முக்காலி நகர்ற சத்தம் கேட்டுச்சு. உனக்குத் தெரியல.”

“தெரியுது.”

“அப்ப இப்ப யாரு நிக்கிறா, சொல்லு.”

ராணி திரையைப் பார்த்தார். “ஒருத்தன்.”

“பாத்தீங்களா சார்? ஒருத்தனாம். பழைய கார்டையே போடுங்க. கீச்சு எனக்குப் பழகிரும்.”

“பழகாது சார். ராத்திரி தலைவலின்னு படுத்துக்குவாரு.”

“அது வெயில்ல நடந்ததால.”

“வீட்டுக்குள்ள எங்க வெயிலு?”

இரண்டு பேரும் எங்களை மறந்து சண்டை போட்டார்கள். ராணிக்காகக் குணா விட்டுக்கொடுக்கிறார், குணாவுக்காக ராணி. யார் விட்டாலும் திங்கட்கிழமை படம் பாதிதான். சார் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒரே மாதிரிக் கார்டுதான் என்றாலும் எல்லாம் ஒரே மாதிரிக் கத்தாது. உள்ளே செம்புக் கம்பிச் சுருள்கள் உண்டு. மின்சாரம் ஏறி இறங்கும்போது அவை நடுங்கும். சிலது நடுங்கிக் கீச்சிடும், சிலது சும்மா இருக்கும். பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. திறந்து மாட்டினால்தான் தெரியும். ஆனால் எங்கள் தொழிலில் சீல் வெட்டாத பெட்டிதான் புதுச் சாமான். வெட்டிவிட்டால் அது பழசு. ஒருவருக்காகப் பெட்டி மேல் பெட்டியாகத் திறந்து பார்ப்பது எந்தக் கடையிலும் கிடையாது. சார் கடையில் கேட்கவே வேண்டாம். சீலில் கீறல் விழுந்ததற்காக மெங் ஒரு முறை ஒரு வாரம் ‘நீர்’ வாங்கினான்.

சார் எழுந்தார்.

“மெங், கடைக்குப் போம். இதே மாடல் கிடக்கிறது எல்லாத்தையும் கொண்டு வாரும்.”

“டிஸ்பிளேல இருக்கிறதா பாஸ்?”

“எல்லாம் எண்டால் எல்லாம்.”

மெங் தள்ளுவண்டியில் ஏழு பெட்டி கொண்டுவந்தான். லிப்ட் இல்லாத மாடி. வாசலில் அடுக்கிவிட்டு அங்கேயே நின்றான். எனக்குத் தெரியும், சார் மனம் மாறிவிடுவார் என்று காத்திருந்தான். சார் சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார். முதல் பெட்டியை மடியில் வைத்துச் சீலைத் தானே வெட்டினார். என்னிடம் நீட்டினார்.

அந்த இடத்தில்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன்.

முதல் கார்டு. “கொசு” என்றார் குணா.

இரண்டாவது. “இது விசில். முன்னதுக்கு இது அண்ணன்.”

மூன்றாவது. கொஞ்சம் யோசித்தார். “சார், இது நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ள யாரோ பல்லைக் கடிக்கிறாங்க.”

ராணி சிரித்துவிட்டார். நான் கழற்றினேன், மாட்டினேன். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. சார் ஒவ்வொரு பெட்டியையும் அவரே வெட்டினார். வெட்டிய சீல்களை மேசை ஓரத்தில் வரிசையாக ஒட்டினார், தரையில் போடவில்லை.

நான்காவது. “இட்லிப் பானை.”

ஐந்தாவதை மாட்டினேன். படம் ஓடியது. திரையில் எண் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. குணா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். மறு பக்கம் சாய்த்தார். மெங் வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“மாரியண்ணே, இன்னும் ஆன் பண்ணலையா?”

“பண்ணியாச்சு குணா. அப்பவே ஓடுது.”

அவர் ராணி இருக்கும் பக்கம் திரும்பினார். “ராணி, சொல்லு.”

ராணி திரையைப் பார்த்தார். முக்காலியை நகர்த்தவில்லை. அவர் வீட்டில் பேசும் அந்தச் சின்னக் குரலில் சொன்னார்.

“ஒரு பொண்ணு வாசல்ல நிக்கிறா. பச்சைப் புடவை. வாழைக்குருத்துப் பச்சை. வெளிய மழை. கையை நீட்டிப் பாக்குறா, இன்னும் தூறுதான்னு.”

“ம். மேல சொல்லு.”

“உள்ள போறா. நெத்தியில பொட்டு கலைஞ்சிருக்கு.”

சார் கத்தியை மடக்கிப் பையில் போட்டார்.

“போகட்டும்” என்றார்.

மீதி இரண்டு பெட்டியை மெங் திருப்பித் தூக்கிக்கொண்டு போனான். திறந்தவற்றைக் கடையில் கண்ணாடிக்குள் வைத்து மெல்ல மெல்ல விற்றோம். கேம் ஆடுகிறவர்கள் வாங்கினார்கள். ஒருவரும் கத்துகிறது என்று வரவில்லை. சார் அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. வெட்டிய சீல்களை மட்டும் அந்த மேசையிலிருந்து உரித்துக் கொண்டுவந்து கல்லாப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டிவைத்தார்.

அடுத்த மாதம் கடையின் பின்பக்க சரக்கறையைக் காலி செய்யச் சொன்னார். வெளிச் சத்தம் வராமல் கதவுக்கு ரப்பர் போட்டார். பெரிய டிவி ஒன்று மாட்டினார். குணாவிடம் விசாரித்து, அவர் சோபா வாங்கிய அதே கடையில், அதே சிவப்பில், பழைய சோபா ஒன்று வாங்கிவந்தார். மெங் வாய் சும்மா இருக்காமல், “பாஸ், மேசையும் ஸ்டூலும் போதாதா?” என்றான்.

“மேசையிலை நிண்டு பாக்கிறது எங்கடை வேலை. வீட்டிலை அவை நிக்கிறேல்லை, இருக்கினம்” என்றார் சார். அவர் ஊர்ப் பேச்சில் ‘இருப்பது’ என்றால் உட்காருவது.

வெளியே மோனோரயில் போகும், லோரி போகும், உள்ளே குளிர்சாதனம் இரையும், நடுவில் நின்றுகொண்டு நாங்கள் சத்தம் இல்லை என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம். மேசை பொய் சொல்லவில்லை. அதற்குக் காது இல்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து படத்துக்குப் போகும் எந்தக் கார்டும் அந்த அறையில் உட்கார்ந்து கேட்காமல் போவதில்லை. சந்தேகம் வந்தால் குணாவைக் கூப்பிடுவோம். இரண்டு மசாஜுக்கு நடுவில் பிரம்பைத் தட்டிக்கொண்டு வருவார். இடது மூலையில் உட்காருவார். கேட்பார். “கொசு” என்பார், அல்லது ஒன்றும் சொல்லமாட்டார். காசு வாங்க மாட்டார். பால் விடாத கோப்பி ஓ ஒன்று குடித்துவிட்டுப் போய்விடுவார். சோபாவில் இடது மூலை மட்டும் ஏன் கிழிந்திருக்கிறது என்று கேட்ட புதியவர்களுக்கு, இதுதான் பதில்.

போன மாதம் கடையில் என் கடைசி நாள் முடிந்த பிறகு குணா வீட்டுக்குப் போனேன். கார்டில் தூசி ஊதிவிட்டு வரலாம் என்று. திங்கட்கிழமை. மூடியைத் திறந்து முகர்ந்தேன். தைலம். காத்தாடியை விரலால் சுற்றினேன், மெல்ல நின்றது. மூடினேன்.

முக்காலி இல்லை. ராணி சோபாவில், குணாவுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இப்போது ஒன்றும் தெரியாது. வெளிச்சம், நிழல், அவ்வளவுதான். இருந்தும் டிவி ஓடியது. எனக்கு அந்தப் படம் தெரியும்.

குணா தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். “இப்ப அந்தப் பொண்ணு வாசல்ல நிக்கிறா. பச்சைப் புடவை.”

“எந்தப் பச்சை?” என்றார் ராணி. “நான் என்ன சொன்னேன்?”

“வாழைக்குருத்துப் பச்சை.”

“ஆங். விட்டுட்டுப் போகப் பாத்தீங்க.”

“விடல. சொல்ல வந்தேன், நீ முந்திக்கிட்ட. கையை நீட்டிப் பாக்குறா. பொட்டு கலைஞ்சிருக்கு.”

“அது உள்ள போனப்புறம்.”

“சரி. உள்ள போறா. பொட்டு கலைஞ்சிருக்கு.”

நான் திரையைப் பார்த்தேன். கலைந்துதான் இருந்தது.

படம் முடிந்து பெயர்கள் ஏறின. எழுத்து தத்தவில்லை. நான் எழுந்துகொண்டே கேட்டேன். “குணா, அவங்க சொன்ன படம் எல்லாம் இப்படியே ஞாபகம் இருக்கா?”

“எல்லாம் இருக்குண்ணே.”

“எத்தனை படம்?”

“நூத்தி எழுபத்தாறு.”